பூஜை விடுமுறைக்கு மலையேறும் அண்ணன்மாருக்கு

பாறசாலை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், அமரவிளை, குன்னத்துக்கால், வெள்ளறடை என்று நெய்யாற்றின்கரை தாலுகா நெடுகவும், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை, பனச்சமூடு வரையிலும் கலந்து கிடக்கும் கூட்டுகாரர் குழுக்களே, அண்ணன்மாரே, தம்பிமாரே,

புரட்டாசி பாதி தாண்டியதுமே உங்கள் போன்களில் ஒரே பேச்சு, இந்த வருஷம் எங்கே என்று. மூணாறா, வாகமண்ணா, கொடைக்கானலா, இல்லை பக்கத்திலேயே பொன்முடி போதுமா? பூஜை விடுமுறைக்கு வேன் ஏற்பாடாகிவிடும். எல்லை தாண்டிப் போய்த் தமிழ்நாட்டு விலைக்கு டீசல் நிரப்பி வந்துவிடுவீர்கள். வண்டியில் ஏறும் சாமானில் முக்கால்வாசி எங்கள் அடுக்களையிலிருந்து வருவது: வாட்டிய வாழையிலையில் கட்டின பொதிச்சோறு, சம்மந்தி, பொரித்த மீன், ஏத்தங்காய் உப்பேரி, பிளாஸ்க்கில் கட்டன்சாயா. விடிவதற்கு முன்னே எழுந்து இதையெல்லாம் செய்தவள், வண்டி திருப்பம் தாண்டும் வரை வாசலில் நிற்பாள். அப்படி நிற்கிறவர்களில் ஒருத்தி எழுதும் மடல் இது.

கேட்பது ஒன்றுதான். இந்த ஐப்பசிக்கு எங்களையும் மலைக்குக் கூட்டிப் போங்கள்.

உடனே "அதுக்கென்ன, அடுத்த லீவுக்கு ஃபேமிலி டூர் போடலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஃபேமிலி டூரின் லட்சணம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளின் உடுப்பு, மாமியாரின் மருந்து, இளையவனுக்கு வண்டியில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கவர், ஓட்டலில் யாருக்கு எரிவு கூடாது என்கிற கணக்கு எல்லாம் எங்கள் தலையில் இருக்கும். மலை ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் செய்கிற வேலையையே வளைவுகளில் ஆடிக்கொண்டு செய்வதற்கு வைத்திருக்கும் பெயர் அது. நீங்கள் உங்களுக்குள் போகிறீர்களே, மணி பார்க்காமல், யாருக்கும் சோறு பரிமாறாமல், பாறை மேல் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேச ஒரு பயணம், அதைத்தான் கேட்கிறேன்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நம் ஊர் வழியாக ஆண்டுதோறும் இதே பருவத்தில் ஒரு கூட்டம் பயணம் போகிறது. பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, இந்த மூவரும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் கிளம்புகிறார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் போலீஸ் மரியாதை, பாறசாலை வழியெல்லாம் குத்துவிளக்கும் தட்டப்பூவும், இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோவிலில் இளைப்பாறல். மூன்றாம் நாள் கரமனை தாண்டிக் கோட்டைக்குள் நுழைகிறார்கள். சுவாதித் திருநாள் காலம் தொட்டு நடக்கும் வழக்கம் என்பார்கள். அந்த மூவரில் இருவர் பெண்கள். சரஸ்வதி யானை மேல், நங்கை பல்லக்கில். இரண்டு பேருக்கும் வழியில் அடுக்களை வேலை கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்திலும் ஆளுக்கொரு தனி இருப்பு: சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், குமாரசாமிக்கு ஆரியசாலை, நங்கைக்கு செந்திட்டை. கும்பிட்டுக்கொண்டே தெருவோரம் நிற்கும்போது எனக்குப் பொறாமை வரத்தான் செய்யும்.

எங்களைத் தடுக்க நீங்கள் சொல்லும் காரணங்கள் மனப்பாடம். "அங்க அட்டை கடிக்கும், கேட்டியா." "ஒனக்கு அம்புட்டு ஏற்றம் ஏற முடியாது பிள்ளே." "பாத்ரூம் கெடையாது." கடைசி ஒன்றைத் தவிர எதற்கும் நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். அந்தக் கடைசி விஷயமும் மலையின் குற்றமல்ல, அங்கே டிக்கெட் கிழிக்கிறவர்களிடம் நீங்களும் சேர்ந்து கேட்க வேண்டியது.

ஏற்றம் ஏற முடியாதென்றால் வெள்ளறடைக் குருசுமலையில் தவக்காலத்தில் யார் ஏறுகிறார்கள்? செங்குத்தான கல்வழியில் சிலுவை தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறும் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். பத்துகாணிக்கு மேலே காளிமலையில் சித்திரைப் பௌர்ணமிக்குப் பொங்கல் இடுவது யார்? அரிசியும் வெல்லமும் விறகும் தன்னாலே ஏறிப் போவதில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் போணக்காடு, பொன்முடித் தேயிலைச் சரிவுகள். அங்கே முதுகில் கொழுந்துக் கூடை கட்டித் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியவர்கள் தெற்கிலிருந்து போன நம் பெண்கள். மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு அட்டைக்கு உப்பு தடவி நின்றவர்கள்.

மூணாறு என்றதும் நீங்கள் எடுத்து வரும் படங்களில் பச்சை மேட்டுக்கு நடுவே சிறிதாகச் சில புள்ளிகள் இருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் அவை பெண்கள். 2015 செப்டம்பரில் அந்தத் தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்துவிட்டார்கள் என்று ஆயிரக்கணக்கில் மலையிறங்கி வந்து மூணாறு டவுன் நடுவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே விடவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அந்த நாட்களில் மலை பார்க்கப் போனவர்கள் வழியில் மாட்டிக்கொண்டதும், அவர்கள் பட்ட எரிச்சலும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கென்னவோ அந்த வருஷம் மூணாறில் பார்க்க வேண்டியதை அவர்கள்தான் சரியாகப் பார்த்தார்கள் என்றே பட்டது.

ஆக, சாமிக்கென்றால் நாங்கள் மலை ஏறலாம். கூலிக்கென்றால் ஏறலாம். சும்மா ஏறுவதற்கு மட்டும் ஆயிரம் விசாரணை. நீங்கள் ஏறும்போது உங்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. காற்று வாங்கப் போனோம் என்றால் போதும்.

இந்த விஷயத்தில் மிகப் பெரிய கதை நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. மழை கழுவிவிட்ட காலையில் கிழக்கே நீலமாக நிற்கிறதே அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். நம் நெய்யாறு பிறக்கும் மலை. அங்கிருந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலோடு சேர்வதற்குள் அமரவிளைப் பாலத்தின் அடியில் நம்மையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்தத் தண்ணீரில் நாங்கள் குளித்தோம், துவைத்தோம். அது எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்கத்தான் அனுமதி இல்லாமல் இருந்தது. ஆண்டுதோறும் தை, மாசியில் வனத்துறை மலையேற்றத்துக்குப் பதிவு திறக்கும். பெண்களும் பிள்ளைகளும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று முன்பெல்லாம் அதிலேயே போட்டிருந்தார்கள். பாதுகாப்பு இல்லை, வசதி இல்லை, பழங்குடியினரின் நம்பிக்கைக்கு எதிர் என்று காரணங்கள் சொன்னார்கள். பெண்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பெண் என்பதற்காக மட்டும் யாரையும் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. 2019 ஜனவரி 14ஆம் தேதி சீசன் திறந்ததும் பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் போணக்காட்டிலிருந்து நடக்கத் தொடங்கினார். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை ஒரு நாள் நடை, மறுநாள் உச்சி. பதிவு செய்துகொண்டு அந்தத் தடத்தில் ஏறிய முதல் பெண் அவர். நம் ஆண்களில் எத்தனையோ பேர் அதற்கு முன்பே போய் வந்து, டீக்கடையில் அந்தக் கதையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது.

அந்தக் காட்டின் பழங்குடியினரான காணிக்காரர்கள் அன்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழியை மறிக்கவில்லை, பாட்டும் வழிபாடுமாக இருந்தார்கள். அவர்கள் மனசை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காடு நமக்குச் சுற்றுலா, அவர்களுக்கு வீடு. அங்கே போகிறவர், ஆணானாலும் பெண்ணானாலும், அவர்களின் வழிபாட்டிடத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளி நிற்பதுதான் முறை. ஆனால் அகத்தியர் பிரம்மச்சாரி என்று நம் ஊர் அண்ணன்மார் சிலர் எனக்கு வகுப்பு எடுத்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. லோபாமுத்திரை யார் அண்ணே? மலைக்கு அந்தப் பக்கம், பாபநாசத்தில், சிவன் தன் கல்யாணக் காட்சியை அகத்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் சேர்த்துத்தான் காட்டினார் என்று தலபுராணம் சொல்கிறது. வடக்கே இருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்தவர் மனைவியை வீட்டில் விட்டு வரவில்லை.

மலையில் முதலில் மூச்சு வாங்குவது யாருக்கு என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1987இல் தாவர ஆராய்ச்சியாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு இந்தக் காட்டுக்குள் போனது. ஆராய்ச்சியாளர்கள் களைத்து உட்கார்ந்தபோது, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியபச்சை. பிறகு அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தமானது, உலகமெல்லாம் அதைப் பேசியது. அன்று மூச்சு வாங்கியவர்கள் நன்றாகப் படித்த, திடகாத்திரமான ஆண்கள் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

"குரங்கணி நடந்தது மறந்து போச்சா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2018 மார்ச்சில் தேனி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பலர் பெண்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும் சரிவில், உரிய அனுமதி இல்லாத பாதையில் போய் மாட்டிக்கொண்ட கூட்டம் அது. தீ அவர்களில் ஆண் யார், பெண் யார் என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு வனத்துறை நெடுநாள் யோசித்து, 2024 அக்டோபரில் வழிகாட்டியோடு 40 பாதைகளை முறையாகத் திறந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அதன் பாடம், அனுமதி வாங்கு, பருவம் பார் என்பதுதான். மனைவியை வீட்டில் விடு என்பது அதில் எங்கும் இல்லை.

பருவம் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அதில்தான் கோட்டை விடுகிறீர்கள். சினிமாவில் பார்க்கும் வெளிநாட்டு இலையுதிர்காலம் நமக்குக் கிடையாது. நம் ஊரில் இலை கொத்தாகக் கொட்டுவது ரப்பர் தோட்டத்தில் மட்டும், அதுவும் மார்கழி பிறந்த பிறகு. ஐப்பசியில் நமக்கு இருப்பது துலாவர்ஷம். காலையில் வானம் கண்ணாடி, மலை மடிப்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம். உச்சி வெயிலுக்குப் பிறகு கிழக்கே மேகம் குவியும். மூன்று மணிக்கு இடி. பிறகு மின்னல் கிழிக்கும் மழை. மதியம் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை மின்னல் ஆபத்து அதிகம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீங்களோ காலை பத்துக்குக் கிளம்பி, வழியில் ஒரு கடை, இன்னொரு கடை, அந்த இன்னொரு சமாச்சாரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று போய், சரியாக இடி விழும் நேரத்தில் மொட்டைப் பாறை உச்சியில் நின்று செல்ஃபி எடுக்கிறீர்கள். எங்களைப் பொறுத்தவரை நாலு மணிக்கு எழுவது புதிதல்ல. ஆறரைக்கு அடிவாரத்தில் நிற்பது பொதிச்சோறு கட்டும் கைகளுக்கு ஒரு சிரமமே இல்லை. பருவத்தோடு ஒத்துப் போகிறவர்களை வீட்டில் விட்டுவிட்டு, ஒத்துப் போகாதவர்கள் மலைக்குப் போகிற வேடிக்கை இது.

இனி, யாரோடு போவது என்பது. இதைச் சொல்லத்தான் உண்மையில் பேனா எடுத்தேன்.

உங்கள் கூட்டு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் இன்றும் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். கபடி ஆடினவன், பரீட்சையில் தோற்றவன், துபாய் போய்த் திரும்பி வந்தவன், எல்லோரும் ஒரே முச்சந்தியில், ஒரே கலுங்கில் மாலையில் வந்து உட்காருகிறீர்கள். எங்கள் கூட்டுகாரிகள் எங்கே? ஒருத்தி மார்த்தாண்டத்தில், ஒருத்தி காட்டாக்கடையில், ஒருத்தி வள்ளியூரில், ஒருத்தி மஸ்கட்டில். கல்யாணம் எங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போட்டது. வந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த தோழிகள் உங்கள் கூட்டுகாரர்களின் மனைவிமார். அவர்களையும் கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பால்காய்ச்சு வீட்டில் பட்டுச் சேலையோடு பார்த்து, "சுகம் தானே" என்று கேட்டு முடித்துக்கொள்கிறோம். ஒருத்தி பாட்டுக்காரி என்பதும், இன்னொருத்தி பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள் என்பதும் இருபது வருஷம் கழித்துத் தற்செயலாகத் தெரிய வருகிறது. குடும்பஸ்ரீ வந்த பிறகு, 1998லிருந்து, அயல்கூட்டத்தில் வாரம் ஒரு மணி நேரம் எங்களுக்கென்று கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சுயஉதவிக் குழுக்கள். அங்கே கணக்கு எழுதின கையோடு சிலர் சேர்ந்து கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பட்ஜெட் டூர் பஸ்ஸில் ஒரு நாள் மலைக்குப் போய் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிப் போய் வந்தவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவள் கொண்டு வந்த கதைகளைக் கேட்டு முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஆகவே என் கோரிக்கையில் ஒரு திருத்தம் உண்டு. மனைவியும் நண்பர்களும் என்று பயணம் போடும்போது, அந்த நண்பர்கள் யாருடைய நண்பர்கள் என்று கேளுங்கள். இந்த முறை வண்டியில் ஒவ்வொரு பெண்ணும் தன் பழைய கூட்டுகாரி ஒருத்தியை அழைத்து வரட்டும். வள்ளியூர்க்காரி முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கட்டும். அவள் வீட்டுக்காரரும் வருவதென்றால் வரட்டும், உங்களுக்கும் ஒரு புது ஆள் கிடைப்பான். வண்டி கொள்ளவில்லை என்றால் இரண்டு வண்டி.

இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். தூரம் போக வேண்டாம். மூணாறுக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று முதுகு ஒடியும், குறிஞ்சியும் அங்கே இனி 2030இல்தான். அகத்தியர்கூடம் இப்போது திறந்திருக்காது. அதற்குத் தை மாதம் பெயர் பதியலாம், எங்கள் பெயரையும் சேர்த்து. பொன்முடியின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் எனக்குப் பிடித்தமானவைதான், ஆனால் மழை மிஞ்சினால் மண் சரிந்து வழி அடைபட்டுவிடும், விடுமுறை நாளில் வண்டிக் கூட்டமும் தாங்காது. வெள்ளறடை வழியாகப் பத்துகாணி போவோம். அங்கே ஒரே மலைத்தொடரில் ஒரு பக்கம் குருசுமலை, ஒரு பக்கம் காளிமலை. நடுவில் எங்கோ கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. திருவிழாக் காலம் இல்லாததால் ஆள் இருக்காது. மேலே நின்றால் ஒரு பக்கம் நெய்யாற்று அணைத் தண்ணீர், இன்னொரு பக்கம் சிற்றாறு அணைத் தண்ணீர், வானம் தெளிந்திருந்தால் மேற்கே கடல். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. அந்தக் கோட்டை வைத்து, நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றி இரண்டு அரசும் இன்னும் வழக்காடுகின்றன. உங்கள் குழுக்களில் இரண்டு பக்கத்துக்காரரும் இருப்பதால் மலை மேல் அந்தப் பேச்சு கட்டாயம் கிளம்பும். கிளம்பட்டும், அதில் எங்களுக்கும் சொல்ல இருக்கிறது. வறண்ட கால்வாயைப் பார்த்துக்கொண்டு கிணற்றில் வாளி விடுகிறவர்கள் நாங்கள்தானே.

நாள், சரஸ்வதி பூஜை கழிந்து, மூன்று சாமிகளும் நம் ஊர் வழியாகத் திரும்பிப் போன பிறகு வரும் முதல் ஞாயிறு. காலை ஆறு மணிக்குப் பாறசாலை சந்திப்பு. மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் கீழே இருக்க வேண்டும், இதில் பேரம் இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், அந்த இன்னொரு சமாச்சாரமும் வேண்டாம். அட்டைக்கு உப்புப் பொட்டலம் நான் கொண்டு வருகிறேன். பிள்ளைகளையும் வயசானவர்களையும் அன்று ஒரு நாள் யார் பார்த்துக்கொள்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கலாம், சீட்டில் ஆண்கள் பெயர் மட்டும் இருக்கும். சோறு யாரும் கட்ட வேண்டாம். காலையில் வெள்ளறடையில் புட்டும் கடலையும் சாப்பிடுவோம், திரும்பி வரும்போது பனச்சமூட்டில் மரச்சீனியும் மீன்கறியும். மேலே போய்க் குடிக்கக் கட்டன்சாயா மட்டும் வீட்டிலிருந்து வர வேண்டும். அதைப் போடப் போவது உங்களில் யார் என்று கலுங்கில் உட்கார்ந்து பேசி, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லி அனுப்புங்கள். எனக்குச் சீனி குறைவாக.

இப்படிக்கு,
உங்கள் கூட்டுகாரர் ஒருவரின் வீட்டுக்காரி,
பாறசாலை.